வலியறிதல்

1

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிற நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதிருக்கும். கையில் அட்டை, அட்டையில் செருகிய காகிதம். கட்டில் கட்டிலாக நின்று கேட்டுக்கொண்டே வந்தவள் பெரியம்மாவிடம் வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. சாப்பாடு, சுத்தம், டாக்டர்கள், நர்சுகள் என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "வலிக்கு வைத்தியம் பார்த்தது உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சாம்மா? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்றாள்.

"அஞ்சே போட்டுக்கம்மா" என்றாள் பெரியம்மா.

முந்தின மூன்று இரவுகள் அவள் தூங்கவில்லை. மார்பில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு வந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரி விழித்துவிடக் கூடாதென்று முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு கிடந்தாள். இரவில் போய்ச் சொன்னால் காலையில் பெரிய டாக்டர் வருவார் என்றார்கள். காலையில் வந்தவர் கனிவாகத்தான் பேசினார். ஓர் ஊசி போடச் சொன்னார். அது மத்தியானம்வரை தாங்கியது. ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். பெயரைச் சொன்னால் இது அந்த ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றிய புகாராகச் சுருங்கிவிடும். எனக்குப் புகார் இல்லை. எனக்குப் புரியாதது அந்த ஐந்து.

விருத்தாசலம் தாண்டி ஸ்ரீமுஷ்ணம் பாதையில் கார் திரும்பிய பிறகு கேட்டேன். "ஏம்மா அஞ்சுன்னு சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு காலையிலேருந்து நின்னுகிட்டே இருக்குது. அது என்னப்பா பண்ணும்?"

சற்றுப் பொறுத்து, "நாலுன்னு சொன்னா ஏன்னு கேப்பா" என்றாள்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் பல நாட்கள் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் பொய் சொல்லவில்லை என்பது என் முடிவு. அவளிடம் கேட்கப்பட்டதாக அவள் புரிந்துகொண்ட கேள்வி வேறு; அதற்கு அவள் உண்மையான பதிலைத்தான் சொன்னாள். காகிதத்தில் இருந்த கேள்விக்கு அவள் பதில் சொல்லவே இல்லை. ஆனால் காகிதம் பதிலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

2

திருப்தி என்ற சொல் நம்மிடம் எங்கே புழங்குகிறது என்று பார்க்க வேண்டும். பந்தியில். இலையை மடித்துவிட்டு எழுகிறவரிடம் வீட்டுக்காரர் கேட்கிறார். எழுகிறவர் வயிற்றைத் தடவிக்கொண்டு 'ரொம்பத் திருப்தி' என்கிறார். ரசத்தில் உப்பு இல்லை என்பதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். சிராத்தத்தில் இது சடங்காகவே இருக்கிறது. சாப்பிட்டு முடித்த பிராமணர்களைக் கர்த்தா திருப்தியா என்று கேட்க வேண்டும். அவர்கள் திருப்தி என்று சொல்ல வேண்டும். கேள்விக்கு மந்திரம் உண்டு, பதிலுக்கும் உண்டு. இல்லை என்பதற்கு மந்திரம் கிடையாது. அந்தப் பதில் சாப்பாட்டைப் பற்றிய தகவலே அல்ல. பித்ருக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, நீ உன் கடமையைச் செய்துவிட்டாய், நிம்மதியாக இரு என்று கர்த்தாவை விடுவிப்பது அது.

பெரியம்மா அந்தப் பெண்ணை விடுவித்தாள்.

நமக்கு, எழுதுகிறவர்களுக்கு, இது புதிதில்லை. கவிதையைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் நண்பனிடம் 'நல்லா இருக்கு' என்று நாம் எல்லோருமே சொல்லியிருக்கிறோம். அது விமர்சனம் அல்ல என்று சொன்னவனுக்குத் தெரியும், கேட்டவனுக்கும் பாதி தெரியும். அதை யாரும் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. எடுத்தால் தமிழ்க் கவிதை ஐந்துக்கு நாலேமுக்காலில் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்கள். உபசாரமாகக் கொடுக்கப்பட்டதை அளவையாக வாங்கிக்கொள்ளும் காரியம் அது. இதில் இருக்கிற தவறு கணிதத் தவறு மட்டுமல்ல, தார்மிகத் தவறும்கூட என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்வதற்கு முன் வலியை அளப்பது என்ற முயற்சி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். அந்த முயற்சி கேலிக்குரியதல்ல.

3

1940-இல் அமெரிக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஹார்டி, வோல்ஃப், குட்டெல் என்ற மூவர் ஒரு கருவியைச் செய்தார்கள். ஒளியை லென்ஸ் வழியாகக் குவித்து, கரி பூசிய நெற்றியில் பாய்ச்சுவார்கள். எந்தச் சூட்டில் 'வலிக்கிறது' என்று ஆள் சொல்கிறானோ அங்கே ஒரு கோடு. பிறகு படிப்படியாகச் சூட்டைக் கூட்டி, வித்தியாசம் தெரிகிற படிகளை எண்ணி, வலிக்கு ஓர் அலகே உண்டாக்கினார்கள்: 'டோல்'. பதின்மூன்று கிராம், பத்து மீட்டர் என்பதுபோல ஐந்து டோல், எட்டு டோல். நாற்பதுகளின் கடைசியில் பிரசவ வேதனையில் இருந்த பெண்களின் கையிலும் இந்தச் சூட்டைக் காட்டினார்கள். இடுப்பு வலி வந்து ஓய்ந்த இடைவெளியில் கையைச் சுட்டு, 'இப்போது வந்துபோன வலி இந்தச் சூட்டுக்குச் சமமா?' என்று கேட்டார்கள். அளப்பதற்காக வலி கொடுக்கப்பட்டது. அறிவின் பெயரால் நடந்தது, கெட்ட எண்ணத்தில் நடந்ததல்ல. அதுதான் அதைப் படிக்கும்போது சங்கடமாக இருக்கிறது.

டோல் நிலைக்கவில்லை. அதை ஆட்டிவைத்த சாட்சியம் போர்க்களத்திலிருந்து வந்தது. ஹென்றி பீச்சர் என்ற மயக்க மருந்து டாக்டர் இத்தாலியில் 1944-இல் படுகாயமடைந்த சிப்பாய்களிடம், வலிக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். ஏறத்தாழ நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அதிர்ச்சியில் மரத்துப்போனவர்கள் அல்ல அவர்கள். ஊசி சரியாகக் குத்தப்படாதபோது மற்றவர்களைப்போலவே கூச்சலிட்டார்கள். பீச்சரின் விளக்கம் எளிமையானது. சிப்பாய்க்குக் காயம் என்றால் உயிரோடு வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். அதே அளவு கிழிபட்ட சதை ஊரில் ஒரு குடும்பஸ்தனுக்கு வேலையும் வருமானமும் போயிற்று என்று அர்த்தம். சதை ஒன்று, வலி இரண்டு. 1965-இல் மெல்ஸாக், வால் இருவரும் முன்வைத்த 'வாசல்' கோட்பாடு இதற்கு உடம்பிலேயே இடம் காட்டியது. வலி, தந்தி மாதிரி காயத்திலிருந்து மூளைக்கு ஓடிவரும் சமாச்சாரம் அல்ல. தண்டுவடத்தில் ஒரு வாசல் இருக்கிறது, மேலிருந்து வரும் கவலையும் நம்பிக்கையும் கவனமும்கூட அதைத் திறக்கவும் மூடவும் செய்கின்றன என்றார்கள்.

ஆகவே கருவியை விட்டுவிட்டு ஆளையே கேட்பது என்று வந்தார்கள். எழுபதுகளில் இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று, பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு: இடது முனை வலியே இல்லை, வலது முனை இதற்கு மேல் இருக்க முடியாது, உன் வலியை இந்தக் கோட்டில் குறி. மற்றது மெல்ஸாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் கேள்வித்தாள்: எழுபத்தெட்டுச் சொற்கள், இருபது தொகுப்புகள். துடிப்பதா, குத்துவதா, எரிப்பதா, பயமுறுத்துவதா, தண்டிப்பதா – நோயாளி சொல்லைப் பொறுக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஒரு நிகண்டைத் தயாரித்துக்கொண்ட அபூர்வ சந்தர்ப்பம் இது.

இந்த இரண்டு முறைகளிலும் ஓர் அடக்கம் உண்டு. கோடு, ஒருவரின் நேற்றை அவருடைய இன்றோடுதான் ஒப்பிடுகிறது. மருந்துக்கு முன் எட்டு, பின் நாலு என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிகிறது. என் எட்டும் உங்கள் எட்டும் ஒன்றா என்ற கேள்விக்கு அது போகவில்லை. விட்கென்ஸ்டைன் சொன்ன பெட்டிக்குள் வண்டு எல்லோரிடமும் இருக்கிறது. ஒருவர் பெட்டிக்குள் இன்னொருவர் பார்க்க முடியாது. ஆனால் பெட்டிக்குள் சத்தம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொந்தக்காரர் சொல்லலாம். படுக்கையருகே, கேட்கிறவர் கையில் மருந்தும் இருக்கும்போது, எண் நல்ல வேலைக்காரன். அது அறையைவிட்டு வெளியே போய், அலுவலகத்தில் உட்காரும்போதுதான் குணம் மாறுகிறது.

4

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் வலி வைத்தியத்தின் தரத்தைச் சோதிக்க 'எவ்வளவு வலி' என்பதோடு 'எவ்வளவு திருப்தி' என்பதையும் சேர்த்துக் கேட்டார்கள். கிடைத்த முடிவு ஆய்வாளர்களையே திகைக்க வைத்தது. கடும் வலியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் திருப்தி, மிகத் திருப்தி என்று குறித்திருந்தார்கள். வலிக்கும் திருப்திக்கும் இருக்க வேண்டிய எதிர்விகிதம் காணப்படவில்லை. திரும்பத் திரும்பச் செய்த ஆய்வுகளிலும் இதுவே. காரணங்களைத் தேடினார்கள்: ஆபரேஷன் என்றால் வலிக்கத்தானே செய்யும் என்ற எதிர்பார்ப்பு, நர்சுகள் அன்பாக இருந்தார்கள், இடையிலே கொஞ்ச நேரம் குறைந்ததே, அவர்களால் ஆனதைச் செய்தார்கள்.

பெரியம்மா இங்கிலீஷ் படித்தவள் அல்ல. ஆனால் காரில் அவள் சொன்னது இந்தப் பட்டியலில் இருக்கிறது. இது தமிழ்ப் பெண்ணின் பொறுமை, கீழைத்தேயப் பண்பு என்றெல்லாம் யாராவது கட்டுரை எழுதக் கிளம்புமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். படுத்திருப்பவர் நின்றிருப்பவரை விடுவிப்பது எங்கும் நடப்பது.

இந்த முரண்பாடு தெரிந்த பிறகும் எண் அலுவலகத்துக்குப் போயிற்று. 1995-இல் அமெரிக்க வலி சங்கத்தின் தலைவர், நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம்போல வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் குறிக்க வேண்டும் என்றார். நல்ல எண்ணம், அதுவரை அங்கும் வலியைக் கேட்பாரில்லை. 2001-இல் ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு வலி மதிப்பீட்டை நியதியாக்கியது. பிறகு மத்திய அரசு நோயாளிகளிடம் நடத்தும் கணக்கெடுப்பில் வலி எவ்வளவு தடவை நன்றாகக் கட்டுப்படுத்தப்பட்டது, ஊழியர்கள் தங்களால் ஆன எல்லாவற்றையும் செய்தார்களா என்ற கேள்விகள் வந்தன. 2008-லிருந்து ஆஸ்பத்திரிவாரியாக முடிவுகள் பிரசுரமாயின. 2012-லிருந்து அந்த மதிப்பெண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் பணத்தின் ஒரு பகுதி முடிச்சுப் போடப்பட்டது.

அதே ஆண்டுகளில்தான் அபின் வகை மாத்திரைகளால் அந்த நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். கேள்வித்தாள்தான் கொன்றது என்று சொல்வது அபத்தம். 1996-இல் ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்து, அடிமைப்படுத்தும் குணத்தைக் குறைத்துக் காட்டி விற்றதற்காக 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட கம்பெனி இருக்கிறது. எழுதிக் கொடுத்த டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் மதிப்பெண்ணுக்குப் பயந்து மாத்திரை எழுத வேண்டியிருக்கிறது என்று டாக்டர்களே முறையிட்டார்கள். 2016-இல் அமெரிக்க மருத்துவ சங்கம் ஐந்தாவது உயிர்க்குறி என்ற கருத்தையே கைவிடச் சொன்னது. 2018-லிருந்து வலிக் கேள்விகள் பணக் கணக்கிலிருந்து நீங்கின. 2019 அக்டோபருக்குப் பிறகு கணக்கெடுப்பில் வலியைப் பற்றிய கேள்வியே இல்லாமல் போயிற்று.

வலியைக் கேட்காமல் இருந்தார்கள், பிறகு கேட்டார்கள், கேட்டதைக் காசாக்கினார்கள், காசு கெடுத்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இருபத்தைந்து வருஷத்தில் வட்டம் முடிந்துவிட்டது. நடுவில் இருந்த ஆள் – வலிக்கிறவர் – கேள்வி வந்ததற்கும் காரணமில்லை, போனதற்கும் காரணமில்லை.

5

நம் நாட்டில் கதை நேர் எதிர்த் திசையில் நடந்திருக்கிறது. உலகத்து மருந்துக்குச் சட்டபூர்வமாக அபின் பயிரிட்டுத் தரும் மிகச் சில நாடுகளில் இது ஒன்று. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடி வளர்க்கிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. கள்ளக் கடத்தலைத் தடுக்க வந்த சட்டம், ஒரு மார்ஃபின் மாத்திரைக்கு இத்தனை உரிமங்கள், இத்தனை இலாகாக்கள் என்று வைத்ததில் மருந்துக்கடைகளும் ஆஸ்பத்திரிகளும் வாங்குவதையே விட்டுவிட்டன. 1997-இல் இந்தியா முழுவதும் வைத்தியத்துக்குச் செலவான மார்ஃபின் 18 கிலோ. நூறு கோடியை நெருங்கிய ஜனங்களுக்கு. ஒரு தலைமுறை டாக்டர்கள் அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்கினார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபாலும் சகாக்களும் ஒரு சிறிய அறையில் தொடங்கிய வலி நிவாரண சங்கமும் அதைத் தொடர்ந்து கேரளத்தில் தெருத்தெருவாக உருவான தொண்டர் குழுக்களும்தான் வேறு விதமாகவும் நடக்கலாம் என்று காட்டின. சட்டம் 2014-இல் திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியதும் பழக்கம் திருந்திவிடவில்லை.

இந்த நிலைமையில்தான் 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் 'மேரா அஸ்பதால்' – என் ஆஸ்பத்திரி – என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சிகிச்சை முடிந்து போனவருக்குக் குறுஞ்செய்தியோ போன் அழைப்போ வரும். திருப்தியா இல்லையா என்று சொல்லலாம். இல்லையென்றால் ஊழியர் நடத்தையா, சுத்தமா, செலவா, சிகிச்சைத் தரமா என்று காரணத்தைக் குறிக்கலாம். அரசாங்கம் தன் ஆஸ்பத்திரியைப் பற்றி ஏழையிடம் கேட்க நினைத்ததே பெரிய விஷயம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கழிப்பறையைப் பற்றி, கைநீட்டிக் காசு கேட்கிறவரைப் பற்றி ஒருவருக்குத் திடமான அபிப்பிராயம் இருக்கும். வீட்டுக்குப் போனபின் போனில் தைரியமாகச் சொல்வார். சுத்தமான கழிப்பறை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வலியில் இது செல்லாது. அதிருப்தி என்பது ஓர் அறிவு. இது வேறு மாதிரி இருந்திருக்க முடியும் என்ற அறிவு. முதுகெலும்பில் புற்று வந்தவளை இரவில் தூங்க வைக்கும் மாத்திரை ஒன்று உண்டு, விலையும் அதிகமில்லை, விளைவது இந்த நாட்டில்தான் என்று தெரிந்தவள்தான் தூங்காத இரவுக்காக அதிருப்தி கொள்ள முடியும். தெரியாதவளுக்கு அந்த இரவு நோயின் பகுதி, விதியின் பகுதி. எங்கள் ஊரில் பூவராகரின் கோரைக்கிழங்குப் பிரசாதத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, விட்டது விட்டபடி என்று இருப்பார்கள். அவர்களைப் போய்க் கேட்டால் திருப்தி என்பார்கள். எங்கே வலிக்கு வைத்தியம் மிகக் குறைவோ, எங்கே அப்படியொரு வைத்தியம் உண்டு என்பதே தெரியாதோ, அங்கே திருப்தி மிக அதிகமாக இருக்கும். இந்த அளவுகோல் இல்லாமையைத்தான் பாராட்டும். அறியாமைக்கு மார்க் போட்டு, அதை ஆஸ்பத்திரியின் கணக்கில் வரவு வைக்கும்.

கணிதத் தவறு மட்டுமல்ல என்று நான் முதலில் சொன்னது இதைத்தான். ஒருவரிடமிருந்து பறித்து வைத்திருப்பதை அவர் கேட்காமல் இருப்பதையே, பறிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக அவரிடமே கையெழுத்து வாங்குவது.

6

தமிழில் வலிக்கு இருக்கும் சொற்களைப் பெரியம்மாவிடமிருந்து எழுதி வைத்திருக்கிறேன். எண் சொல்லத் தெரியாதவள் இதில் தடுமாறியதே இல்லை. குத்தல் வேறு, குடைச்சல் வேறு. உளைச்சல் எலும்புக்குள், கடுப்பு மூட்டில், காந்தல் தோலுக்குக் கொஞ்சம் கீழே. இழுக்குது, பிசையுது, முறுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, சுரீர்னு போகுது. ராத்திரி இரண்டு மணிக்குமேல் வருவதை அவள் 'அறுக்குது' என்றாள். ஒரே ஒரு தடவை 'பேசுது' என்றாள். இந்த வினைகளில் எதற்கும் எழுவாய் அவள் அல்ல. எனக்கு வலிக்கிறது என்கிறோம். நான் என்பது அங்கே வலி வந்து சேரும் இடம். இங்கிலீஷ்காரன் வலியை உடைமைபோல வைத்திருக்கிறான். நமக்கு அது விருந்தாளி, அல்லது கடன்காரன்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது: நோதல். நோவு என்றால் வலி. நொந்துகொள்வது என்றால் ஒருவர்மேல் மனத்தாங்கல் கொள்வது. யாரை நொந்து என்ன என்கிறோம். தமிழில் துன்பப்படுவதற்கும் குறைசொல்வதற்கும் ஒரே வேர். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நோகிறவர் யாரையாவது நோக வேண்டும். வலிக்கு ஒரு முன்னிலை வேண்டும். பெரியம்மா அந்தப் பெண்ணை நொந்துகொள்ள மறுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டிய, நொந்துகொள்ளத் தகுந்த யாரும் அங்கே இல்லை. கேள்வியை அனுப்பியவர் தான் வரவில்லை.

'வலி' என்பதற்கோ பழந்தமிழில் பலம் என்று பொருள். குறளின் நாற்பத்தெட்டாவது அதிகாரத்துக்கு வலியறிதல் என்று பெயர். ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதி வைத்தால் இன்றைய தமிழன் வேறு விதமாகப் படித்துக்கொள்வான். அது நோவைப் பற்றியது அல்ல. காரியத்தில் இறங்குமுன் தன் பலத்தையும் பிறர் பலத்தையும் எடைபோட்டுக்கொள்ளும் அரசனைப் பற்றியது. ஆனால் இரண்டு பொருளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குப் படுகிறது. பிறர் வலியைக் கேட்கப் போகிறவன் முதலில் தன் வலியை அறிய வேண்டும். கேட்டுவிட்டு என்ன செய்ய முடியும் நம்மால்? எட்டு என்று சொன்னால் எந்த அலமாரியைத் திறப்போம்? அலமாரி பூட்டியிருக்கிறது, சாவி காலையில் வருகிறவரிடம் இருக்கிறது என்றால், ராத்திரியில் எண் கேட்பது எதற்கு? வலிக்கிறதா என்று கேட்பது விசாரணை அல்ல. அது ஒரு வாக்குக் கொடுத்தல். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட முடியாது.

7

அளக்கவே கூடாதா? கூடாது என்று சொல்கிற வேதாந்தம் எனக்குச் சம்மதமில்லை. வலி அகவயமானது, சொல்லுக்கு அப்பாற்பட்டது என்று நாம் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்த வாதத்தால் மிகவும் சௌகரியமடைகிறவர் அலமாரியைப் பூட்டி வைத்திருப்பவர்தான். இந்த நாட்டில் வலி அளக்கப்படாததாலேயே 18 கிலோ போதும் என்று ஆயிற்று.

விருத்தாசலத்தில் என் மாமா ஒருவர் பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். சின்ன வயதில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். சூளையின் சுவரில் ஒரு துளை. அதன் வழியே பார்த்தால் உள்ளே வெண்சிவப்பான வெளிச்சத்தில் விரல் நீளத்துக்கு மூன்று கூம்புகள் நின்றிருந்தன. களிமண்ணும் வேறு தாதுக்களும் கலந்து செய்தவை. ஒன்று ஏற்கெனவே தலை குனிந்து தரையைத் தொட்டிருந்தது, நடுவிலுள்ளது வளையத் தொடங்கியிருந்தது, மூன்றாவது நிமிர்ந்திருந்தது. நடுவிலுள்ளது முழுக்க வளைந்ததும் நிறுத்த வேண்டும் என்றார் மாமா. சூடு எவ்வளவு என்று பார்க்கத் தெர்மாமீட்டர் இல்லையா என்று கேட்டேன். மீட்டரும் உண்டு, ஆனால் அது சூட்டை மட்டும்தான் சொல்லும் என்றார். சூடு எத்தனை நேரம் நின்றது, மண்ணை என்ன செய்தது என்று கூம்புதான் சொல்லும். ஏனென்றால் அதுவும் மண்.

1886-இல் பெர்லின் பீங்கான் ஆலையில் ஹெர்மன் சீகர் என்ற ரசாயனி கண்டுபிடித்த ஏற்பாடு இது என்று பின்னால் படித்தேன். ஆயிரம் டிகிரியை எட்டிப் பிடித்ததா என்பதல்ல அங்கே கேள்வி. அந்த வெப்பம் செய்த வேலை எவ்வளவு என்பதே.

ஊருக்கு வந்த இரண்டாம் வாரம், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு நர்சம்மா வீட்டுக்கு வந்தார். பெரியம்மாவின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். எண் எதுவும் கேட்கவில்லை. "ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்கம்மா? தலை நீங்களே வாரிக்கிட்டீங்களா, யாராவது வாரிவிட்டாங்களா? திண்ணை வரைக்கும் வர முடியுதா? கக்கூசுக்கு உக்கார முடியுதா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பெரியம்மா துல்லியமாகப் பதில் சொன்னாள். நாலு தடவை. வாரிக்கொள்ளவில்லை, கை தூக்கினால் சுரீரென்கிறது. திண்ணைக்குப் போய் எட்டு நாளாயிற்று. இங்கே அவளுக்கு யாரையும் விடுவிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. கேட்கப்பட்டது மார்க் அல்ல, சாட்சியம். நர்சம்மா எழுதிக்கொண்டார். மாத்திரை கிடைக்கிற இடத்துக்குச் சீட்டு வாங்கித் தந்தார். நான் போய் வாங்கி வந்தேன். அடுத்த முறை வந்தபோது அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். எழுந்தது ஒரு தடவை. தலை இன்னும் மகள்தான் வாருகிறாள். திண்ணைக்கு நேற்று வந்தாள்.

இதுவும் அளவைதான். இதையும் கூட்டலாம், சராசரி எடுக்கலாம், மாவட்டவாரியாகப் போடலாம். ஆனால் இதில் பொய்யான உபசாரத்துக்கு இடம் குறைவு. திருப்தியைக் கேட்டால் நோயாளி கேட்கிறவரின் முகத்தைப் பார்க்கிறார். எத்தனை தடவை எழுந்தாய் என்று கேட்டால் தன் இரவைப் பார்க்கிறார். அதோடு இன்னொன்றையும் அளக்க வேண்டும், அதற்கு நோயாளியைத் தொந்தரவு செய்யவே வேண்டாம்: வலிக்கிறது என்று சொன்ன நேரத்துக்கும் மருந்து வாயில் விழுந்த நேரத்துக்கும் நடுவே எத்தனை மணி. இது ஆஸ்பத்திரி தன்னையே அளந்துகொள்வது. இரண்டு கடிகாரக் குறிப்புகள் போதும். இந்தக் கணக்கை வெளியிடுகிற ஆஸ்பத்திரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக்குப் புறப்பட்ட அன்று பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, தலையணையை இடுப்புக்குக் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. வலி இருந்தது, 'முனகுது' என்றாள். சித்திரையில் போய்விட்டாள்.

அந்த ஐந்து இன்னும் இருக்கிறது. யாரும் அழித்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு வருஷத்தின், ஏதோ ஒரு வார்டின் சராசரியில் அது சேர்ந்து, அந்தச் சராசரியைப் பார்த்து யாரோ ஒருவர் இரவு அலமாரியின் சாவியைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்திருப்பார். பெரியம்மா அதை அவருக்குக் கொடுக்கவில்லை. காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாள்.